மற்றவர்கள் முதலில், நீ கடைசியில்

என் கூடப் பிறந்த ஏகாம்பரத்துக்கு, உன் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் மடித்து வைத்திருக்கும் அக்கா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். நம்ம பெரிய பேத்தி திவ்யாவுக்குப் பெங்களூர் ஆபீசில் பதவி உயர்ந்திருக்கிறது. அவள் சொன்னால் கேட்டு வேலை செய்ய அவளுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களாம். விடிவதற்கு முன்னால் எழுந்து மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவது மட்டும் மாறவில்லை. பிரவீன் கோலாரில் காலேஜை முடித்துவிட்டான். கணக்குக்காக உன்னிடம் எத்தனை குட்டு வாங்கினவன், கடைசி வருஷம் அந்தக் கணக்கிலேயே வகுப்பில் முதலாக வந்தான். சின்னவள் கீர்த்தி பங்காருபேட்டையில் பேச்சுப் போட்டியில் கப்பு வாங்கினாள், அதுவும் கன்னடத்தில். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "யார மொம்மகளு?" என்று கேட்டாள். என் பேத்தி என்று அவளுக்கும், கேட்காத இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

பேரப்பிள்ளைகள் பெருமையை நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று நீ கிண்டல் செய்வாய். இன்றைக்கு நான் நீட்டுவதற்குக் காரணம் வேறு. இது முடிந்தால் அடுத்து உன் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கப் போகிறோம். புதிதாகக் குடி வந்தவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதே. தங்க மைன் மூடி, ஆட்களின் வருகையை எழுதுகிற டைம் ஆபீஸ் வேலை போனபோது, மீசை முளைக்காத பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றவன் என் தம்பி. மைசூர் மைன்ஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடிப்பான். ஆனால் ஜனங்கள் அவனைத் தேடி வந்தது வேறொன்றுக்கு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு ஆள் யாராவது ஒரு பழைய போட்டோவோடு ஏகாம்பரம் கடையில் நிற்பார், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக.

அவர்கள் கொண்டு வருகிற போட்டோவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கல்யாணக் கும்பலில் மூன்றாவது வரிசையில் பாதி முகம். பஸ் பாஸில் மூக்கின் மேல் சீல் விழுந்த முகம். நீ சீலை அழித்து, கசங்கின சட்டைக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மனுஷனை நிமிர்த்தி உட்கார வைப்பாய். கல் தூசி தின்று இருமி இருமிச் செத்தவர்கள் உன் போஸ்டரில்தான் நன்றாக மூச்சு விட்டார்கள். மைன்காரர்களுக்குக் கட்டின லைன் வீடுகளில் மாலையோடு தொங்குகிற படங்களில் பாதி உன் கடையில் செய்தவை. வீட்டில் இருந்த போட்டோ தொலைந்தாலும் ஏகாம்பரத்திடம் இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. திதி வந்தால் கடைக்கு வந்து மறுபடி ஒரு பிரிண்ட் வாங்கிப் போவார்கள்.

உன்னுடையதையும் நீயே செய்து வைத்திருந்தாய். ஸ்டூலில் உட்கார்ந்து, கேமராவை நீயே செட் பண்ணி எடுத்தது. மத்தியானச் சோறு கொண்டு வந்த என்னிடம் அதைச் சொன்னாய்.

"யக்கா, எனக்கு நானே போட்டுக்கினேன். வேற எவனாச்சும் செஞ்சான்னு வெச்சிக்கோ, ரெண்டு காதும் போஸ்டரை விட்டு வெளிய நிக்கும்."

காட்டுடா என்றேன். காட்ட மாட்டேன் என்றாய். உயிரோடு இருக்கிறவனின் அஞ்சலிப் படம் வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது, காகிதத்தில் ஏறக் கூடாது. நம்ம ஜனங்கள் எல்லோரும் நினைப்பதுதான், நீயும் அப்படித்தான் நினைத்தாய், நானும் சரி என்றுதான் விட்டேன். அதனால் அந்தப் படம் பென் டிரைவிலும் ஏறவில்லை, யார் போனுக்கும் போகவில்லை. உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது.

நெஞ்சு வலி என்று கோலாருக்குக் கொண்டு போகிற வழியிலேயே நீ போய்விட்டாய். அன்றைக்குப் பார்த்து நம்ம பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. உன் கடையைத் திறந்தும் பயனில்லை. பிரவீன் உன் வோட்டர் கார்டை எடுத்துக்கொண்டு பங்காருபேட்டைக்குப் போய் போஸ்டர் அடித்து வந்தான். அதில் இருந்தது முகமா? கரி பிடித்த சட்டி மாதிரி இருந்தது. கடைத்தெருவில் ஒட்டின போஸ்டருக்கு முன்னால் நின்று ஒருத்தர் இன்னொருத்தரிடம், "இன்னாப்பா, யாரு இது?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். உன்னிடம் பத்திரிகை அடித்தவர்தான் அவர்.

அப்புறம் வீட்டில் இருக்கிற போன் எல்லாவற்றிலும் தேடினோம். உன் முதுகு இருக்கிறது. கை இருக்கிறது. பந்தியில் குனிந்து சாப்பிடும்போது உச்சந்தலை இருக்கிறது. எல்லா விசேஷத்திலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவனுக்கு நேர் முகம் எங்கிருந்து வரும்?

கடையைக் காலி செய்து கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டு வந்து என் தையல் மெஷின் மேல் வைத்தோம். ரொம்ப நாள் அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. வருஷத் திதி நெருங்குகிறது, சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்று போன மாசம் திவ்யா அதைப் போட்டாள். உள்ளே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி கடக், கடக் என்று ஒரு சத்தம். திவ்யா உடனே நிறுத்திவிட்டாள். டிஸ்க் போகிற நேரம் ஆயா, ரொம்ப நாள் தாங்காது என்றாள். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. உன் கம்ப்யூட்டரில் இருப்பதை அதற்கு மாற்ற வேண்டும்.

அவசரக்காரன் பிரவீன் ஃபைல்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் புதுசில் போட்டான். திறந்தால் தமிழே இல்லை. கொக்கியும் கோடும் தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்துமாக வந்தது. நீ அடித்த தமிழ் எழுத்து அந்தக் காலத்து எழுத்தாம், உன் போஸ்டரைத் திறக்கிற புரோகிராமும் அந்தக் காலத்ததாம், புதுசுக்கு இரண்டையும் தெரியவில்லை. அதையாவது பொறுக்கலாம். உன் பெயர் போட்ட ஃபோல்டரிடம் வந்ததும் அந்தத் தட்டுகிற சத்தம் அதிகமாகி, எல்லாம் அப்படியே உறைந்து நின்றது, மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் உள்ளேயே. கெட்டுப் போன இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

திவ்யா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "ஆயா, இவன் செஞ்சது வீட்டுச் சாமானை மட்டும் வண்டில ஏத்திக்கினு போறது. நமக்கு வீட்டையே சுவரோட பேத்து எடுத்துக்கினு போவணும்." டிஸ்கில் இருப்பதை ஃபைல் ஃபைலாகப் பொறுக்காமல், மூலை முடுக்கு விடாமல் முழுசாக ஒரே நகலாக எடுப்பதாம். டிஸ்க் இமேஜ் என்று அதற்குப் பெயர். அந்த நகலைப் புதுக் கம்ப்யூட்டரில் வைத்தால், அதற்குள் ஒரு ஜன்னல் மாதிரி உன் பழைய கம்ப்யூட்டரே திறக்கும், உன் எழுத்தோடு, உன் புரோகிராமோடு.

சரி, எடு என்றேன். எதை வைத்து எடுப்பது என்பதில் அக்கா திவ்யாவுக்கும் தம்பி பிரவீனுக்கும் சண்டை.

பிரவீனுக்கு ஒரு சாஃப்ட்வேர் பிடித்திருந்தது. பார்க்க லட்சணமாக இருக்கும், பச்சைக் கோடு ஓடும், காலி இடத்தை விட்டுவிட்டு எழுதின இடத்தை மட்டும் எடுப்பதால் சீக்கிரம் முடியும். நல்ல டிஸ்குக்கு அது சரி. படிக்க முடியாத இடம் வந்தால் என்னால் ஆகாது என்று நின்றுவிடும், அதுவரை எடுத்ததும் வீண். புதுக் கம்ப்யூட்டரின் டிஸ்கைச் செய்த கம்பெனியே இலவசமாகக் கொடுக்கிற ஒன்றையும் பார்த்தார்கள். அது நிற்காது, ஆனால் கெட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போய் முட்டுமாம். முட்டியே டிஸ்கைக் கொன்றுவிடும். மூன்றாவது ஒன்றைத் திவ்யாவின் ஆபீஸ் சிநேகிதி ஷாலினி சொன்னாள். கறுப்புத் திரை, வெறும் எழுத்து, அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் கெட்ட இடம் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். சுலபமாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் வெளியே எடுத்துவிடும். அப்புறம் திரும்பி வந்து, விட்ட இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும்.

திவ்யா இதைச் சொல்லச் சொல்ல, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இந்த வழக்கம் எனக்குத் தெரியும், ஏகு. உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது தூளியில் கிடந்தாய்.

சுரங்கத்தில் பாறை வெடித்து அப்பா உள்ளே மாட்டிக்கொண்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. காப்பாற்றப் போன ஆட்களோடு நம்ம சித்தப்பாவும் இறங்கினார். தன் அண்ணன் எந்தப் பக்கம் கிடக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் மேல்பாறை இறங்கியிருந்தது. அங்கே கை வைத்தால் மிச்சமும் சரிந்து எல்லோர் மேலும் விழும். அதனால் இந்தப் பக்கம் கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் கேஜில், ஆளை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டில், ஏற்றி மேலே அனுப்பினார்கள். கேஜ் வரும் ஒவ்வொரு முறையும் அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா பக்கம் கடைசியில் போனார்கள். அதற்குள் அங்கே போக வழியே இல்லாமல் போயிருந்தது.

அம்மா சாகிற வரை சித்தப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவர் கரும்பு கொண்டு வந்து நம்ம கதவில் சாய்த்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவார். அப்பாவுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அவருடைய பழைய சுரங்கத் தொப்பியைப் பலகையில் வைத்து, பொட்டு வைத்துத்தான் வருஷா வருஷம் படைத்தோம். அந்தத் தொப்பியைக் கும்பிட்டு வளர்ந்ததால்தான் நீ பார்க்கிறவர்களுக்கெல்லாம் முகம் தேடிக் கொடுத்தாயா? இதை உன்னிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

கறுப்புத் திரைதான் என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். நடுவில் கரண்ட் போனால் காரியம் கெடும் என்று, பக்கத்து வீட்டு முனியம்மா தன் இன்வெர்ட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தாள். முனியம்மாவின் மகன் சேகர் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தானே, அவன். வீட்டில் மாட்டியிருந்த அவன் படத்தைப் போன மழையில் கறையான் அரித்துவிட்டது. இனி அவன் முகம் உன் டிஸ்கில் மட்டும்தான்.  அவள் ஒயரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

திவ்யா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஆயா, ஏகாம்பரம் தாத்தா ஃபோல்டர் எந்த இடத்துல கீதுன்னு சுமாரா தெரியும். நேரா அங்க போன்னு சொல்லலாம். இப்ப டிஸ்குக்குக் கொஞ்சம் உயிர் கீது, கிடைச்சாலும் கிடைக்கும். ஆனா ரிஸ்க். அங்க சுரண்டும்போதே டிஸ்க் போயிட்டா மத்தவங்க ஒருத்தரும் வர மாட்டாங்க."

"மத்தவங்கள முதல்ல எடுத்தா?"

"தாத்தா முறை வர்றப்ப டிஸ்க் இருக்குமான்னு சொல்ல முடியாது. உன் தம்பி. நீயே சொல்லு."

நான் கதவுப் பக்கம் பார்த்தேன். முனியம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டிருக்குமா? எனக்குத் தெரியாது. சுவரில் உனக்கென்று பிரவீன் அடித்து வைத்த ஆணி தெரிந்தது. பொட்டு வைத்த அந்தத் தொப்பியும் கண்ணுக்குள் வந்தது. இன்னும் எத்தனை வீட்டு முனியம்மாக்கள் அந்தப் பெட்டிக்குள் ஆளை விட்டுவிட்டு, விட்டது தெரியாமலே சோறாக்கிக்கொண்டிருக்கிறார்கள்?

"மத்தவங்கள முதல்ல எடு," என்றேன். "உன் தாத்தா கடைசியில வரட்டும்."

திவ்யா கம்ப்யூட்டரிடம் திரும்பிப் போனாள். டிஸ்கை வெளியே எடுத்து, சூடாகக் கூடாது என்று டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்தாள். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. கடக் என்று கேட்கும்போதெல்லாம் பிரவீன் எழுந்து நின்றான். நான் சமைத்தேன், பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். மறுநாள் மத்தியானம் முதல் சுற்று முடிந்தது. மத்தவங்க எல்லாரும் வந்துட்டாங்க ஆயா என்றாள் திவ்யா. அதற்கப்புறம் அது உன் பக்கம் திரும்பியது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தட்டுகிற சத்தம் நின்றது. அப்பாடா, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். திவ்யா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புதுக் கம்ப்யூட்டருக்குள் உன் கம்ப்யூட்டர் திறந்தது. திரையில் நீ வைத்திருந்த அதே செம்பருத்திப் பூ, அதே இடத்தில் அதே ஃபோல்டர்கள். கொக்கியும் கோடும் போய் எழுத்தெல்லாம் எழுத்தாக இருந்தது. ஒவ்வொரு முகமாக வந்தது. சேகர் வந்தான், நீ போட்டுவிட்ட நீலச் சட்டையோடு. முனியம்மா திரையைத் தொடக் கை நீட்டி, தொடலாமா என்று திவ்யாவைப் பார்த்தாள். அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"உங்க தம்பி வந்தாராக்கா?"

வந்தான் என்று சொல்லிவிட்டேன். முனியம்மா, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டும்போது என் மேல் வருத்தப்படாதே. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து எனக்கு வேறு சொல்ல வரவில்லை.

அது முழுப் பொய்யும் இல்லை, ஏகு. கொஞ்சம் வந்திருக்கிறாய். எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, விபூதிப் பட்டை, புருவம். புருவத்துக்குக் கீழே அடி வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். படத்தின் மேல் பக்கம் மட்டும் பிழைத்ததாம், மிச்சத்தைப் படிக்கும்போது டிஸ்க் போய்விட்டது. உனக்குப் பின்னால் சுவரில் கடைக் கடிகாரம் தெளிவாக இருக்கிறது. சோற்று நேரத்துக்குச் சற்று முன்னால். நான் தூக்குச் சட்டியோடு வந்துகொண்டிருந்திருப்பேன். நீ சீப்பை எடுத்து வாரிக்கொண்டு, யாரும் பார்க்காமல் உன் சாவுக்கு உட்கார்ந்திருக்கிறாய். காது எப்படி வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

பிரவீன் ஒன்று சொன்னான். இருக்கிற நெற்றியைக் கொடுத்தால் மீதி முகத்தைத் தானாகவே போட்டுத் தருகிற சாஃப்ட்வேர் இப்போது இருக்கிறதாம். பாவம், ஆசையாகத்தான் சொன்னான். வேண்டாம் என்றேன். அது யாரோ ஒருவன் முகம். நீ யாருக்கும் இல்லாத மூக்கை வைத்தது கிடையாது, சட்டையை மட்டும்தான் மாற்றுவாய்.

இப்போது எனக்குச் சித்தப்பா நினைப்பாகவே இருக்கிறது. கரும்பைச் சாய்த்துவிட்டு அவர் ஏன் நிற்காமல் போனார் என்று தெரிகிறது. அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நம்ம வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. மேலே எங்கேயாவது நீ அவரைப் பார்த்தால் என்ன சொல்வாய்? என்னைப் பார்க்கும்போது என்ன சொல்வாய்? அம்மா மாதிரி நீயும் முகத்தைத் திருப்பிக்கொள்வாயா? நான் சொன்னது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். திவ்யா சொல்கிறாள், ஷாலினி போனில் சொன்னாள். சரி என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன் முகம் போனது போனதுதானே.

இந்தக் கடிதத்தைத் திவ்யா உன் கம்ப்யூட்டரைத் திறந்து, உன் எழுத்திலேயே அடிக்கிறாள். இடம் மாறின பிறகு அதிலிருந்து வெளியே வருகிற முதல் அச்சு இது. உச்சியில் உன் படத்துக்கென்று விட்ட கட்டம் காலியாக இருக்கிறது. கையில் வாங்கிப் படிக்கிற அம்மாமாரே, அண்ணன் தம்பிகளே, அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். பத்திரிகை வாங்க வந்தபோது விளையாட்டாகப் போனில் எடுத்தது, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஓரமாக நின்றது, எதுவானாலும் சரி. என் தம்பி நேராகப் பார்க்கிற படம், நாங்கள் இதுவரை பார்க்காத புதுப் படம் ஒன்று இருந்தால் தபாலில் போடுங்கள், இல்லை திவ்யா போனுக்கு அனுப்புங்கள். காது இரண்டும் வெளியே நின்றாலும் பரவாயில்லை.

ஏகு, அப்பாவுக்குத் தொப்பியை வைத்த மாதிரி உனக்கு உன் மவுஸைப் பலகையில் வைத்துப் பொட்டு வைக்க மாட்டேன். திதி அன்றைக்கு வெறும் ஆணிக்கு முன்னால் இலை போடுகிறேன். உன் முகம் வருகிற வரைக்கும் அந்த ஆணியில் ஒரு காலண்டர் கூட மாட்ட விட மாட்டேன். இது சத்தியம்.

உன்னைக் கடைசியில் எடுக்கச் சொன்ன
உன் அக்கா கன்னியம்மா